முதுமைக்கு ஓர் அளவு

(திருவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. பொருளை வெறுத்து ஒதுக்குதல் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. முற்றத் துறத்தல் முனிவர்க்கு உரியது; இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அளவு செய்துகொள்ளுதலே. நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம் என வகைவகையாக எண்ணி, இவ்வளவு போதும் என்று வரையறுப்பதே அவ்விரதத்தின் நடைமுறை. எண்ணிப் பாராதவரால் வரையறுக்க இயலாது. முதுமைக்காகப் பொருள் சேமிப்பதிலும் முதல் வினா இதுவே: எவ்வளவு வேண்டும்? எவ்வளவு உள்ளது? இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாராமலேயே அறுபதாம் வயதை எட்டுவோர் பலர். பொருளாதாரம் தளர்ந்த காலங்களில் அவர்களே முதலில் தடுமாறுகின்றனர்.

வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்ந்த முந்தைய தலைமுறையினர்க்கு முதுமையைத் தாங்கும் தூண்கள் மூன்று இருந்தன. ஒன்று நன்செய் நிலம். மற்றொன்று கூட்டுக் குடும்பம். மூன்றாவது, ஆசிரியப் பணியிலும் அரசுப் பணியிலும் இருந்தோர்க்கு ஓய்வூதியம். இன்று மூன்றும் தளர்ந்துள்ளன. நிலம் இருக்கிறது, ஆனால் உழுவோர் இல்லை. குத்தகைப் பணம் விளைச்சலை நம்பியது. மருந்துக் கடைக்கு மாதந்தோறும் பணம் தர வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியம் உண்டெனினும், அதன் கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 35 ஆண்டுகள் கணக்கிடப்பட்டாலும் கிடைப்பது மாதம் 7,500 ரூபாயே. ஆகவே தனக்குரிய தூணைத் தானே நட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

முதலில் விலைவாசியின் இயல்பை உணர வேண்டும். 72 என்னும் எண்ணை விலையேற்ற விழுக்காட்டால் வகுத்தால், செலவு இருமடங்காக ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழ விளங்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றம் எனில் 12 ஆண்டுகள். அறுபது வயதில் மாதம் 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பம், 72ஆம் வயதில் அதே வாழ்க்கைக்கு 60,000 ரூபாயும், 84ஆம் வயதில் 1,20,000 ரூபாயும் தேட வேண்டியிருக்கும். கூடுதல் வசதி எதுவும் இல்லை. அதே அரிசி, அதே பருப்பு, அதே பால்தான். 2022 ஏப்ரலில் நாட்டின் சில்லறை விலையேற்றம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. அந்நாளில் அதைவிடக் குறைந்த வட்டியில் பணத்தை வைத்திருந்தோர், முதல் கரையவில்லை என்று எண்ணினர். அதன் வாங்கும் ஆற்றல் கரைந்துகொண்டே இருந்தது.

அடுத்து வட்டியின் இயல்பு. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்ததை நினைவுகூரலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2020 மார்ச் வரை 8.6 விழுக்காடாக இருந்தது, ஏப்ரலில் 7.4 ஆயிற்று. அக்காலத்து உச்சவரம்பான 15 லட்சம் ரூபாயை மார்ச்சில் செலுத்தியவர்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை 32,250 ரூபாய். ஏப்ரலில் செலுத்தியவர்க்கு 27,750 ரூபாய். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டுக்கும் நிலைப்பது அத்திட்டத்தின் விதி. ஒரு மாத இடைவெளி ஐந்தாண்டு வருவாயை மாற்றிவிட்டது. எந்நாளில் வட்டி ஏறும், எந்நாளில் இறங்கும் என்று எவராலும் முன்னறிய இயலாது. ஆகவே கைப்பொருள் முழுவதையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பூட்டாமல், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு எனப் படிப்படியாக முதிரும் வண்ணம் பிரித்து வைத்தலே அறிவுடைமை.

பங்குச் சந்தையின் இயல்பு இன்னும் கடியது. 2020 ஜனவரியில் சென்செக்ஸ் குறியீட்டெண் 42,000ஐ ஒட்டி நின்றது. மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே மீண்டும் 42,000ஐக் கடந்தது. இவ்வரலாற்றில் இருவரைக் கருதிப் பார்க்கலாம். இருவரும் ஒரே நிதித் திட்டத்தில் ஒரே தொகையை வைத்தவர்கள்; இருவரும் அவ்வாண்டு ஓய்வுபெற்றவர்கள். ஒருவர் வீட்டுச் செலவிற்கு வேறு வழியின்றி மார்ச்சில் விற்றார், இழந்தது இழந்ததே. மற்றவர் மூன்றாண்டுச் செலவிற்குரிய தொகையை முன்னரே வங்கியில் ஒதுக்கி வைத்திருந்தார், விற்காமல் பொறுத்தார், எட்டு மாதத்தில் மீண்டார். சந்தை இருவர்க்கும் ஒன்றே. வேறுபாடு ஆயத்தத்தில் இருந்தது.

இதிலிருந்து முறை தானே விளங்கும். முதுமைக்குரிய பொருளை மூன்று பானைகளாகப் பிரிக்கலாம். முதற்பானை, இரண்டு மூன்று ஆண்டுச் செலவிற்கும் திடீர் மருத்துவத்திற்கும் உரியது. அது வங்கியிலும் அஞ்சலகத்திலும் உடனே எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். வங்கி முறிந்தால் ஒருவர்க்கு ஒரு வங்கியில் வைப்புக் காப்பீடாகக் கிடைப்பது வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரையே என்பதையும் மறத்தலாகாது. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகவே இருந்தது. இரண்டாம் பானை, மாதச் செலவை நடத்தும் நிலையான வருவாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்போதைய வட்டியான 8.2 விழுக்காட்டில் முழுத்தொகைக்கும் காலாண்டிற்கு 61,500 ரூபாய் கிடைத்தது. மூன்றாம் பானை, பத்தாண்டுகட்குப் பின் தேவைப்படும் பொருள். விலையேற்றத்தைத் தாண்டி வளர வேண்டியது அதுவே. பங்கு சார்ந்த முதலீடு அதில் மட்டுமே, அதுவும் தாங்கும் அளவிற்கே, இடம்பெற வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. மாதம் 5,000 ரூபாயை 8 விழுக்காடு வளர்ச்சியில் 15 ஆண்டு சேமித்தால், செலுத்தியது 9 லட்சம், சேர்வது சுமார் 17 லட்சம். அதையே 25 ஆண்டு தொடர்ந்தால், செலுத்தியது 15 லட்சம், சேர்வது சுமார் 47 லட்சம். கூடுதலாகச் செலுத்தியது 6 லட்சம். கூடுதலாகச் சேர்ந்தது 30 லட்சம். காலம் செய்யும் வேலையைப் பிற்காலத்தில் பெருந்தொகை செய்யாது. கடை வைத்திருப்போரும் சிறுதொழில் செய்வோரும் பொது வருங்கால வைப்பு நிதியைச் சிறப்பாகக் கருதலாம். 15 ஆண்டில் முதிரும் அந்நிதியை, தொழிற்கடனுக்காக நீதிமன்ற ஆணையாலும் பற்றுகை செய்ய இயலாது. தொழில் தளர்ந்தாலும் முதுமைக்கு அது நிற்கும்.

கடினமான காலத்திலேதான் ஆசை காட்டுவோரும் பெருகுவர். வங்கி வட்டி குறைந்த ஆண்டுகளில், தமிழகத்தின் வடமாவட்டங்களில் லட்சம் ரூபாய்க்கு மாதம் பல ஆயிரம் தருவதாகச் சொன்ன நிறுவனங்களில் எத்தனை பேர் பணிக்கொடையையும் நிலம் விற்ற பணத்தையும் இட்டு இழந்தனர்! மாதம் பத்தாயிரம் தருவதெனில் ஆண்டிற்கு 120 விழுக்காடு. எந்த அறவழி வணிகம் இதனை ஈட்டும்? முதல் சில மாதங்கள் தவறாமல் வரும் பணம் வட்டியன்று. அடுத்து ஏமாறுபவர் இட்ட முதல். முதலீட்டாளரைக் காக்கத் தமிழகத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும் வழக்கு முடிந்து பணம் திரும்பும் காலம் முதியவரின் ஆயுளோடு போட்டியிடும்.

இறுதியாக, குடும்பத்தினுள் பேச வேண்டியவை. மகன் கல்விக்கும் மகள் திருமணத்திற்கும் வைப்பு நிதியை முழுதும் எடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் உளர். கல்விக்குக் கடன் கிடைக்கும். முதுமைக்குக் கடன் தருவார் இலர். வீட்டைப் பிள்ளைகளுக்கு உயிருள்ளபோதே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுப்போர், தம்மைப் பேணும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவித்தல் நலம். அவ்வாறு எழுதியிருப்பின், பேணாவிடத்து அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோர 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. இதனைப் பிள்ளைகள் மீது ஐயம் கொள்வதாகக் கருத வேண்டா; நல்ல பிள்ளைக்கு அந்நிபந்தனை சுமையன்று.

வரவு செலவு அனைத்தையும் கணவரே நடத்தி, மனைவிக்கு எக்கணக்கு எங்குள்ளது என்று தெரியாத இல்லங்கள் இன்னும் உள்ளன. கணவர் மறைந்த பதினாறாம் நாள், அலமாரியில் கிடக்கும் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு எவரிடம் கேட்பதென்று அறியாமல் நிற்கும் தாய்மாரின் நிலை, பொருள் இல்லாத வறுமையினும் கொடியது. கணக்குகளை இருவர் பெயரில் வைத்தல், நியமனதாரரைக் குறித்தல், உயில் எழுதுதல் ஆகிய மூன்றும் ஒரு வாரத்தில் முடிபவை. வங்கி வைப்பில் நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிப்பவரே. உரிமையைத் தீர்மானிப்பது உயிலும் வாரிசுச் சட்டமுமே.

திருவிழா முடிந்து இல்லம் திரும்பியதும், கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்து இரு பத்திகளாக எழுதட்டும்: உள்ளவை ஒருபுறம், தேவைப்படுபவை ஒருபுறம். குறைவு தெரிந்தால் சேமிப்பைக் கூட்டலாம், செலவைச் சுருக்கலாம், ஓய்வைச் சில ஆண்டு தள்ளலாம். மிகுதி தெரிந்தால், அது எவ்வளவு என்பதும் தெரியும். அச்சமின்றி அறத்திற்கு ஈயலாம். அளவு அறிந்தவர்க்கே ஈகையும் எளிது, முதுமையும் எளிது.