ஏறும் வண்டி, நிற்காத வண்டி
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மெக்கானிக்கல் படிச்சிட்டு எஸ்டேட்டுக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். ஏதாவது உருப்படியாப் பேசு" என்று செயலாளர் கட்டளையிட்டார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆழியாரிலிருந்து வால்பாறை போக 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. அந்தச் சேற்றிலும் ஈரப்புல்லிலும் ஜீப் ஓட்டிக் கற்றதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இதை ஏன் இங்கே பேசணும்? எங்கள் காலத்தில் ஃபோர் வீல் டிரைவ் என்றால் எஸ்டேட், போலீஸ், பட்டாளம், அவ்வளவுதான். 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2010-ல் மஹிந்திரா தார், 2020-ல் அதன் புது வடிவம், 2023-ல் ஜிம்னி. இப்போது நம் பிள்ளைகள் கையிலேயே இந்த வண்டிகள் இருக்கின்றன. தார் ரோட்டில் தார் ஓட்டும்வரை எனக்குக் கவலையில்லை. சனி, ஞாயிறு மலையேறிப் புல்வெளியில் இறக்குகிறார்களே, அதுதான் கவலை.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அதில் ஜீப்புக்குத் தனிச்சலுகை ஒன்றும் கிடையாது.

முதலாண்டில் படித்த உராய்வுக் கெழுவைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த தார்ச்சாலைக்கு 0.7, ஈரப்புல்லுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் பிரேக் அடித்தால், தார்ச்சாலையில் 5 மீட்டரில் நிற்கும். புல்லில் ஏறக்குறைய 18 மீட்டர் ஓடும்.

இப்போது சரிவுக்கு வாருங்கள். சாதாரண வண்டியில் இரண்டு சக்கரம்தான் வண்டியை நகர்த்துகிறது. அவை வண்டி எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்குகின்றன. ஆகவே அந்தப் புல்லில், 10-க்கு 1 சரிவைக் கொஞ்சம் தாண்டியதுமே சக்கரம் சுழன்று, "என்னால ஆகாது சாமி" என்று சொல்லிவிடும். அது ஒரு எச்சரிக்கை. ஃபோர் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. 6-க்கு 1 சரிவிலும் சமர்த்தாக ஏறிவிடும். அதே சரிவில் இறங்கும்போது, வெறும் 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் நிற்க 25 மீட்டருக்கு மேல் வேண்டும். 5-க்கு 1 சரிவில் நிற்கவே நிற்காது. கணக்கே அப்படித்தான். ஏற முடிந்தது என்பதால் இறங்கவும் முடியும் என்று நினைப்பவர்களைத்தான் பள்ளத்திலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2004 ஜூலையில், மேல் லயனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ரோட்டில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது. புல் சரிவு ஒன்றில் குறுக்கே இறங்கினால் கீழ் ரோடு. லோ ரேஞ்ச் உள்ள ஜீப், நல்ல டயர். "இறக்கிடலாம்ணே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பு ஊன்றிச் சரிவில் பத்தடி இறங்கிப் பார்த்தார். திரும்பி வந்து, "காலே நிக்கல சார், வீலு எப்படி நிக்கும்?" என்றார்.

மண்வெட்டியால் புல்லில் படி வெட்டச் சொன்னார். கம்பளியில் அந்தப் பெண்ணைக் கிடத்தி, ஆறு பேர் தூக்கி இறக்கினோம். ஃபேக்டரியிலிருந்து வேறொரு ஜீப் கீழே வந்து காத்திருந்தது. அரை மணி நேரம் கூடுதலாயிற்று. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளைக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது. ஜீப்பை நன்றாக ஓட்டத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், அன்றைக்கு ஓட்டாமல் இருந்த அந்த அண்ணனைத்தான் சொல்வேன்.

சரி, இறங்கித்தான் ஆகவேண்டும், சரிவும் மிதமானது என்றால் என்ன செய்வது? மேலே சமதரையிலேயே லோ ரேஞ்ச், முதல் கியர் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஜீப்பில் அது இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். வேகத்தை அதே அளவு குறைக்கும். இன்ஜினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதிக்காதீர்கள், மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் லாக் ஆகி, வண்டி பலகை மாதிரி சறுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. சறுக்க ஆரம்பித்தால் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரை இலேசாகத் தொடுங்கள். சக்கரம் தரையின் வேகத்துக்கு உருண்டால் பிடிமானம் திரும்பும். "என் வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே" என்பீர்கள். அது சக்கரத்தை லாக் ஆகவிடாது; இல்லாத பிடிமானத்தைப் புல்லில் உண்டாக்காது.

எப்போதும் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். குறுக்கே நின்ற வண்டிதான் உருளும். ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் வாருங்கள்.

அடுத்து சேறு. சேறு எல்லாம் ஒன்றல்ல. மலைச் செம்மண்ணில் மேலே வழுக்கும். பல இடங்களில் அடியில் கெட்டித்தரை இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. டயர் பட்டன்களுக்குள் அப்பிக்கொண்டு டயரையே மொட்டையாக்கிவிடும். உழுது தொழியடித்த வயலில் டிராக்டரே கேஜ் வீல் மாட்டித்தான் இறங்குகிறது. நாம் எந்த மூலைக்கு?

ஆகவே முதலில் கம்பால் ஆழம் பாருங்கள். கியரை முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் லோ ரேஞ்சில் இரண்டாவது சரியாக இருக்கும். நடுவில் மாற்றாமல், ஒரே சீராகப் போங்கள். டயர் காற்றை 30-லிருந்து 20 அளவுக்குக் குறைத்தால் தரையில் படியும் பரப்பு கூடும். கையில் பம்ப் இருந்தால் மட்டும் குறையுங்கள்; தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பிவிடுங்கள்.

சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் உடனே காலை எடுங்கள். ஒவ்வொரு விநாடியும் குழி தோண்டுகிறீர்கள். சாதாரண டிஃபரென்ஷியல், பிடிமானம் இல்லாத சக்கரத்தைத்தான் சுழல விடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுழலும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும். பேர்தான் நாலு வீல்! டிஃப் லாக் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, கல், விறகு, சாக்கு எது கிடைக்கிறதோ அதை வையுங்கள். கயிறு கட்டி இழுத்தால் பம்பரில் கட்டாதீர்கள், சேஸிஸ் கொக்கியில் கட்டுங்கள். கயிற்றின் பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

மாணவர்களுக்கு இன்னொரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளி சும்மா கிடக்கும் மைதானம் அல்ல. சோலைக்காடும் புல்லும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுகின்றன. சரிவில் நம் டயர் கீறிய தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றமும்கூட. ஒரு போட்டோவுக்காக அதைச் செய்யாதீர்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை ஈரத்தரையில் காலைப் பதித்துப் பார்த்துத்தான் எடையை வைக்கும். அந்த நிதானம் எந்த கம்பெனி வண்டியோடும் சேர்ந்து வருவதில்லை. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த மழைக்கு மலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, ஸ்டியரிங்கைத் தொடுமுன் ஒருமுறை இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் கால் நிற்காத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.