தோட்டாவிற்கு இட்ட மசகு

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குக் காரணம் யாது என்று தேர்வில் வினவினால், பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டா என்று எல்லோரும் எழுதிவிடுவர். தோட்டாவிற்குக் கொழுப்பு எதற்கு என்று நான் வகுப்பில் திருப்பிக் கேட்பதுண்டு. விடை சொல்வோர் அரியர்.

சிப்பாய்களின் பழைய துப்பாக்கிக் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதில் தளர்ச்சியாக இறங்கும். 1853-இல் உருவான என்பீல்டு துப்பாக்கியின் குழலுள் சுருள்வரிகள் செதுக்கப்பட்டிருந்தன. வெடிப்பின் விசையால் குண்டின் அடிப்புறம் விரிந்து, அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று, நெடுந்தொலைவு குறி தவறாது பாயும். இதற்கெனக் குண்டு குழலோடு நெருங்கிப் பொருந்த வேண்டும். கருமருந்தோ, ஒவ்வொரு முறை சுடும்போதும் கரிக்கசடைப் படியவிடும். மசகு இல்லையேல் சில வேட்டுகளுக்குப் பின் அடுத்த குண்டு உள்ளே இறங்காது.

அக்காலத்துத் தோட்டா பித்தளைக் கூடு அன்று. மருந்தையும் ஈயக்குண்டையும் பொதிந்த காகிதச் சுருள். குண்டிருக்கும் முனையை உருக்கிய மசகில் தோய்த்தெடுப்பர். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பி மசகு முனையைச் செருகி, எஞ்சிய காகிதத்தை எறிந்துவிட்டுக் கோலால் இடிக்க வேண்டும். கடிப்பது மசகில்லாத முனையைத்தான். எனினும் வங்காளத்து வெயிலில் உருகும் கொழுப்பு விரலையும் உதட்டையும் எட்டாது என்று யார் உறுதி கூறவியலும்?

மசகாகத் தேர்ந்தது விலங்குக் கொழுப்பும் மெழுகும் சேர்ந்த கலவை. அக்கொழுப்பு எவ்விலங்கினுடையது என்று ஒருவரும் வரையறுக்கவில்லை. சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தாத மசகுதானா என்று அறியும்வரை அதை ஐரோப்பியப் படைகளுக்கு மட்டுமே வழங்கவேண்டும் என்று கர்னல் டக்கர் என்ற அதிகாரி 1853 டிசம்பரிலேயே எழுதினார். எச்சரிக்கை கோப்பிலே உறங்கிற்று.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பேச்சு பரவியது. அங்கே பயிற்சி பெற்ற சிப்பாய்கள் அணிவகுப்பில் தங்கள் ஆட்சேபத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. கொழுப்புக்குப் பதிலாக மெழுகும் எண்ணெயும் கலந்து தடவலாம் என்று மாற்றும் கூறினர். இந்த ஒரு செய்தியை நம் பாடநூல்கள் பெரிதுபடுத்துவதில்லை. மூடநம்பிக்கையால் மிரண்டோர் என்று பழிக்கப்பட்டவர்கள், துப்பாக்கியின் தேவையை உணர்ந்து, வழியும் காட்டியவர்கள். அரசாங்கமும் மசகில்லாத் தோட்டாக்களை வழங்கி, மசகைச் சிப்பாய்களே கடைத்தெருவில் வாங்கித் தடவிக்கொள்ள இசைந்தது. ஆனால் ஐயம் அதற்குள் காகிதத்தின்மேல் தாவிவிட்டது: பளபளக்கும் இக்காகிதத்திலேயே கொழுப்பு உண்டோ?

கொழுப்பு ஒன்றே காரணம் என்று எழுதுவோருக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. 1856-இல் அயோத்தி அரசைக் கவர்ந்ததும், கடல் கடந்தும் பணிபுரிய வேண்டுமென அதே ஆண்டில் பிறந்த சட்டமும் சிப்பாய்களின் நெஞ்சில் கனன்றன. மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 90 குதிரைவீரரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் கிளர்ச்சி மூண்டது. அவர்கள் மறுத்தவையோ மசகிடாத பழையவகைத் தோட்டாக்களே.

பின்னாளில் பிரிட்டிஷ் படையே அக்கொழுப்பைக் கைவிட்டது. அதிலுள்ள அமிலம் ஈயக்குண்டை அரித்ததே காரணம். அதனிடத்தில் தேன்மெழுகு வந்தது.