இயற்கைக்குப் புரோகிதன் எதற்கு?

(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போவது வெயில், மரம், நடை ஆகிய மூன்றைப் பற்றியதாகும். காசு கொடுத்து வாங்க வேண்டாத சாமான்களைப் பற்றி ஒரு பிரசங்கம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கின்றது. நாடு முழுவதும் வைத்திய ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கில், நமது புதுவையில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 26.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் அது நூற்றுக்கு 11.4 தான். கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான் நிற்கிறோம். இதைத் தலைவிதி என்று சொல்லுவீர்களானால், விதி கோவாவுக்கு ஒரு கணக்கும், புதுவைக்கு ஒரு கணக்கும், மற்ற ஊர்களுக்கு வேறொரு கணக்குமா எழுதி வைத்திருக்கிறது என்று கேட்கின்றேன். இது நாம் தின்கிற விதத்திலும், உட்கார்ந்தே காலந்தள்ளுகிற விதத்திலும் வருகிற வியாதியே ஒழிய, வேறல்ல. பரம்பரையாய் வருகிறவர்களுக்குங்கூட நடத்தையைத் திருத்தினால் தள்ளிப் போடலாம், குறைக்கலாம்.

தோழர்களே! இயற்கையோடு வாழ வேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே ஒரு கூட்டத்தார் வந்து, "எங்கள் முன்னோர்கள் இதைத்தானே சொன்னார்கள்? மார்கழி விடியலில் ஓசோன் இறங்குகிறது, அரசமரம் இராத்திரியிலும் பிராணவாயு கொடுக்கிறது, அதனால்தான் கோலமும் பிரதட்சிணமும் வைத்தார்கள்" என்கிறார்கள். இது பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுகிற வேலை. ஓசோன் தரைமட்டத்தில் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதியே தவிர நன்மையல்ல. வெளிச்சமில்லாமல் எந்த மரத்து இலையும் பிராணவாயு செய்வதில்லை. அரசமரமும் இராத்திரியில் நம்மைப் போல் மூச்சு விடுகிற மரந்தான். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் கதையைச் சொல்லிச் சிரிக்கிற நாம், அதே கதையைச் சயன்சு உடுப்பில் வந்தால் மட்டும் கை கட்டிக் கேட்கலாமா?

மரத்தால் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிரம்ப இருக்கின்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில், பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் குறிப்புகளை எடுத்துப் பார்த்து உல்ரிச் என்பவர் 1984-இல் ஒரு விஷயம் வெளியிட்டார். ஜன்னல் வழியாய் மரம் தெரிந்த அறையில் படுத்திருந்த 23 பேர், செங்கல் சுவர் மாத்திரம் தெரிந்த அறையில் படுத்திருந்த 23 பேரை விடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலிக்குக் கடுமையான மருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த மரத்தை யாரும் சுற்றவில்லை, மஞ்சள் கயிறு கட்டவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வெயிலும் அப்படியே. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி என்னும் சத்தை, வெயிலிலுள்ள அல்ட்ரா வயலட் என்ற கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கொண்டு நமது தோலே செய்து கொள்ளுகிறது. 1919-இல் பெர்லின் நகரத்தில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர், எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் ஒளியைக் காட்டியே குணப்படுத்தினார். அந்த விளக்குக்கு யார் அர்ச்சனை செய்தார்கள்? விடியற்கால வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. வெயில் ஏறிய பிறகுதான் அதிகம். ஆகவே உதய வேளையில் மந்திரம் சொல்லுவதால் அந்தச் சத்து வந்துவிடாது. அதற்காகச் சித்திரை வெயிலில் மணிக்கணக்காய் நின்று மயங்கி விழவும் வேண்டாம். முகத்திலும் கைகால்களிலும் சிறிது நேரம் பட்டால் போதும். விடியற்கால வெளிச்சத்துக்கு வேறு ஒரு உபயோகம் உண்டு: நமது உடம்புக்குள் இருக்கிற தூக்கக் கடிகாரத்தை அது சரிப்படுத்துகிறது.

குழந்தைகளைப் பாருங்கள். சீனாவில் குவாங்சௌ நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் அதிகமாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் விட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்டவர்களில் 30.4 பேருக்குத்தான் வந்திருந்தது. 2015-இல் வெளியான கணக்கு இது. நாமோ பிள்ளையை வீட்டில் அடைத்துக் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, கண் திருஷ்டி கழிக்கிறோம்!

நடையோவென்றால், நீரிழிவுக்கு நேர் விரோதி. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேகூட இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்ளுகிறது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாய் நடக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. தினம் 25 நிமிஷங்கூட ஆகாது.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. நேரம் சும்மா கிடைப்பதல்ல. இதே ஊரில், 1936 ஜூலை 30-ந் தேதி, சவானா மில்லில் 12 தொழிலாளிகள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பின்னரே 1937-இல் எட்டு மணி நேர வேலை இங்கு சட்டமாயிற்று. அவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய மீதி நேரத்தை நாம் டெலிவிஷனுக்கும் செல்போனுக்கும் கொடுத்துவிட்டு, நேரமில்லை என்கிறோம்.

ஆனால் நேரம் உண்மையிலேயே இல்லாதவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஆண்கள் போய்க் காற்று வாங்குகிறார்கள். அந்த வேளையில் அவர்கள் மனைவிமார் எங்கே? அடுப்பங்கரையில். "அவளுக்கு வீட்டு வேலையே தேகப்பயிற்சி" என்று சொல்லுகிற தோழர், ஒரு மாதம் அந்தப் பயிற்சியை எடுத்துக் கொண்டு பார்க்கட்டும்! காற்றிலும் வெயிலிலும் ஆண் பங்கு, பெண் பங்கு என்று இருக்கிறதா?

இடமும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு வாய்க்கால் இந்த ஊரை வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று பிரித்தது. கடற்கரையும் அகலமான வீதியும் ஒரு பக்கம், நெருக்கடி மறுபக்கம். 1954-இல் அவர்கள் ஆட்சி நீங்கியது. வாய்க்கால் மாத்திரம் சாக்கடையாய் நிற்கிறது. 1826-இல் உண்டான தாவரத் தோட்டம் ஒன்று போதுமா? ஒவ்வொரு தெருவுக்கும் சேரிக்கும் நிழலும் நடக்க ஒரு பாதையும் வேண்டும் என்று நகரசபையைக் கேட்பது நமது உரிமை. கோயில் குடமுழுக்குக்கு வசூல் செய்கிற ஊரார், பத்து வேப்பங்கன்று வைத்துத் தண்ணீர் ஊற்ற முடியாதா?

ஆகவே சில சுலபமான காரியங்கள் சொல்லுகிறேன். விடிந்ததும் வீட்டை விட்டு வெளியே வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெண்சாதி பிள்ளைகளோடு கால்மணி நேரம் நடவுங்கள். பாத்திரம் துலக்குவதில் கைகொடுத்தால் அந்த அம்மாளுக்கும் நேரம் கிடைக்கும். பக்கத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தினம் வெளியில் விளையாட விடுங்கள். வாசலில் ஒரு மரம் வையுங்கள்.

ஒன்று மாத்திரம் எச்சரிக்கை. இயற்கை வைத்தியம் என்று சொல்லி, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லுகிறவன் வந்தால், அவனை மந்திரவாதியோடு சேர்த்து வையுங்கள். நடையும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். மூன்று மாதம் நடந்து பாருங்கள். முன்னும் பின்னும் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். கணக்கு என்ன சொல்லுகிறதோ அதை நம்புங்கள்.