இளைஞர் நாவும் கவியரங்கமும்



நாம் வந்து வாழும் இந்நகர் கவிதையோடு பிறந்த நகர். 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா தக்கினி மொழியில் கவிதை புனைந்த மன்னர். முஷாயிரா என்னும் கவியரங்கம் இங்கே வழிவழியாக நடந்து வருகிறது. விளக்கு எவர் முன் வைக்கப்படுகிறதோ அவர் பாடவேண்டும் என்பது பழைய மரபு. அவையோர் 'முகர்ரர்' என்று கூவினால், 'மீண்டும் சொல்க' என்பது பொருள்.

அம்மரபில் வந்தவர் மக்தூம் மொகியுத்தீன் (1908–1969). சிட்டி கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். காதலையும் உழைப்போர் உரிமையையும் ஒரே நாவால் பாடியவர். 2023இல் மறைந்த கத்தர், எழுத்தறியாதவரும் உணருமாறு தெலுங்கில் பாட்டும் ஆட்டமுமாகக் கருத்தைப் பரப்பினார். சிக்காகோவில் 1986இல் மார்க் ஸ்மித் தொடங்கிய கவிதைப் போட்டியில் அவையினின்று தெரிந்தெடுத்தவர்களே நடுவர். வழிகள் வேறு; உண்மை ஒன்று. வாய்மொழிக் கவிதைக்கு நாவும் செவியும் போதும்.

இது நமக்கு ஏன் வேண்டும்? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் இந்தியும் பேசுகின்றனர். தமிழ் பேச வரும். எழுதப் படிக்கப் பலருக்கு வாராது. விழாதோறும் நாம் அவர்களுக்குத் தருவது, பிறர் எழுதியதை ஒப்பிக்கும் போட்டியே. அதனால் நினைவாற்றல் வளரும், நெஞ்சு திறவாது. தேர்வச்சம், நட்பின் முறிவு, எம்மொழியும் முழுதும் தமதாகாத தனிமை ஆகியவற்றை அவர்கள் எவரிடம் கூறுவர்? நேரே கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பர். கவிதையிலோ, தம்மை ஒரு மரமென்றும் பறவையென்றும் மாற்றிக் கூறலாம். ஆதலின் கூசாமல் கூற இயலும்.

ஆகவே திங்கள்தோறும் இளைஞர் கவியரங்கம் ஒன்று நடத்துவோம். ஒருவருக்கு மூன்று நிமிடம். சொல் சொந்தமாக இருத்தல் வேண்டும். கைத்தாளில் தமிழை எவ்வெழுத்தில் எழுதிவரினும் தடையில்லை. பாடும்போது பிழை திருத்தலாகாது. 'ழ'கரம் நழுவினால் பின்னர்ச் சொல்லிக் கொடுப்போம். அரங்கில் கூறியதை வீட்டில் விசாரணை செய்தலும் ஆகாது. ஆயினும், கவிதை மருந்தன்று. ஆழ்ந்த துயர் தென்படின், தனியே அழைத்து அன்புடன் கேட்டு, தக்க மருத்துவரிடம் சேர்ப்பதும் நம் கடன்.

பெரியோர்க்குரிய முதற்பணி செவி கொடுத்தல். தம் சொல்லுக்குத் தமிழில் இடமுண்டு என்றறிந்த பிள்ளை, தமிழ் எழுத்தையும் தானே தேடி வரும்.

வாழ்க தமிழ்!