வங்குரோத்து: கையொப்பமிடுமுன்



ஆஸ்திரேலியாவில் வங்குரோத்து குற்றமன்று. கட்டணமின்றி விண்ணப்பிக்கக்கூடிய சட்டப் பாதுகாப்பு. வழமையாக 3 ஆண்டும் 1 நாளும் நீடிக்கும். கடனட்டைக் கடன், தனிநபர் கடன், மின்கட்டண நிலுவை போன்றவற்றிலிருந்து விடுதலை கிடைக்கும். நீதிமன்ற அபராதமும் பிள்ளைப் பராமரிப்புத் தொகையும் மாணவர் கடனும் தொடரும். சட்டிபானையையும் கட்டிலையும் எவரும் அள்ளிச் செல்லமாட்டார்.

பலர் இடறுவது வேறிடத்தில். ஊரிலுள்ள காணியையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். மைத்துனரிடம் பெற்ற கைமாற்றும் கடன் பட்டியலில் இடம்பெற வேண்டும். மானத்துக்கு அஞ்சி அதை மட்டும் முன்கூட்டியே தீர்த்தால், வங்குரோத்தை நிருவகிக்கும் பொறுப்பாளர் அப்பணத்தை மைத்துனரிடமிருந்தே மீட்கக்கூடும். பிணை நின்றவரின் பொறுப்பும் நீங்காது. தாயகத்தில் மரணச் சடங்கென்றாலும், பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றி நாட்டைவிட்டுப் புறப்படலாகாது. பெயரோ தேசியப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்.

அரச கொடுப்பனவே வருமானமாகவும் விற்கத்தக்க சொத்தேதும் இல்லாமலும் வாழ்பவருக்கு இவ்வழி தேவைப்படாமலும் போகலாம். கடன்கொடுத்தவர் தவணையைக் குறைக்கவோ, சிலவேளை கடனைக் கைவிடவோ இணங்கக்கூடும். அதைப் பேசித்தர இலவச நிதி ஆலோசகர்கள் உள்ளனர்: தேசியக் கடன் உதவித் தொலைபேசி, 1800 007 007. தமிழில் உரையாட விரும்புவோர் முதலில் 131 450ஐ அழைத்து, உரைபெயர்ப்பாளரிடம் அவ்வெண்ணுக்கு இணைப்புக் கேட்கலாம்.