ஓவியத்தில் ஒரு விழா
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யான் ஓவியம் பயின்றவன் அல்லேன். இரயில்வேக் கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவன். படம் பார்ப்பதில் உள்ள ஆசை ஒன்றே இங்கு நிற்க எனக்குள்ள தகுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு ஓவியர் பலர் முஸ்லிம் நாடுகளைப் பொருளாகக் கொண்டு படங்கள் தீட்டிக் குவித்தனர். அவரைக் கீழ்த்திசை ஓவியர் என்பர். வாங்குவோர் பெரிதும் விரும்பியது அந்தப்புரக் காட்சியே. அந்தப்புரத்துள் அயலான் எவ்வாறு புகுந்தான் என்று கேட்டவர் சிலரே. ஆங்க்ர் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1862-இல் 'துருக்கியக் குளியல்' என்னும் படத்தை முடித்தபோது அவருக்கு வயது 82. துருக்கி மண்ணை அவர் மிதித்ததே இல்லை! ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தியின் பழைய கடிதங்களைப் படித்து, எஞ்சியதைக் கற்பனையால் நிரப்பினார். தாய்மார்கள் அமர்ந்துள்ள அவையில் அதைப்பற்றி மேலும் பேசேன்.

இனி, வேறொருவர். பிரிட்ஜ்மன் என்பார் 1847-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர்; பாரிஸில் ஜெரோம் என்னும் ஆசிரியரிடம் பயின்றவர். அல்ஜீரியாவுக்குப் பன்முறை சென்று, அங்குக் கழித்த குளிர்காலங்களைப் பற்றி 1890-இல் நூலும் வெளியிட்டார். அல்ஜியர்ஸுக்குத் தென்மேற்கே, மலையடியில் பிளிதா என்றோர் ஊர் உண்டு. ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அவ்வூரில் நடந்த நபிகள் நாயகத்தின் விழாவை அவர் ஓவியமாக்கினார். அதில் பெண்கள் காட்சி தருகின்றனர்.

விழாவை ஏன் தேர்ந்தார்? அக்காலத்து அல்ஜீரிய நகரப் பெண்டிர் வீட்டை விட்டு வெளியே கூடுவது அரிது. வெள்ளிக்கிழமைகளில் இடுகாட்டிற்குச் செல்வர். விழா நாட்களில் இறையடியார் அடக்கத்தலங்களுக்குச் செல்வர். ஹாயிக் என்னும் வெண்ணிற மேலாடை போர்த்துக் குழந்தைகளுடன் புறப்படுவர். அயலான் கண்ணால் கண்டு வரைவதற்கு வாய்த்த இடங்கள் அவையே. ஆகவே ஆங்க்ரின் குளியலறையைவிட இவ்விழா மெய்க்கு அணுக்கமானது என்பது என் துணிபு.

ஆயினும் ஒரு குறை உண்டு. 1830-இல் பிரான்சு அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. 1962-இல்தான் அந்நாடு விடுதலை பெற்றது. இடைப்பட்ட காலத்தில் தூரிகையுடன் வந்த வெள்ளையரைத் தடுக்கும் நிலையில் அப்பெண்கள் இருந்தனரா? அவர்கள் வந்தது நேர்ச்சை செலுத்த. நோயுற்ற பிள்ளைக்காக வேண்ட. ஓராண்டாகக் காணாத தமக்கையைக் காண. வாங்கியவர்க்கோ அது வண்ணமயமான ஒரு காட்சி.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சென்ற ஆண்டு நம் குடியிருப்பை அடுத்த தர்காவில் உருசு விழா நடந்தபோது, படியில் அமர்ந்து கையேந்தி வேண்டிய பெண்களை மாடியிலிருந்து நானே படம் பிடித்தேன். படம் நன்றாக அமைந்தது. என் மனைவி அதை நெடுநேரம் பார்த்தாள். “சத் பூசையன்று நதிக்கரையில் நிற்கும் இவ்வூர்ப் பெண்களையும் எடுப்பீர்கள். நான் மார்கழியில் கோலமிடும்போது எவனாவது எடுத்தால்?” என்றாள். விடை சொல்லத் தெரியவில்லை.

மலர்க்குழுவினர் அப்படத்தை இம்மலருக்குக் கேட்டனர். உற்றுப் பார்த்ததில், முன்வரிசையில் இருப்பவர் நம் தெருவுக்கு முட்டை கொண்டுவரும் அம்மையார் என்று தெரிந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னேன். நாள்தோறும் காலையில் வருகிறார், இன்னும் கேட்கவில்லை.