மடியா, இருக்கையா? கைக்குழந்தையோடு விமானப் பயணம்



விமானத்தில் பறப்பது என்பது ஒரு காலத்தில் துரைமாருக்கு மட்டுமே உரிய காரியமாக இருந்தது. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பல நாள் கடலில் அலைக்கழிந்து பினாங்கில் கரையிறங்கினார்கள். இன்றோ கோலாலம்பூரில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறோம். பேரப்பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கப் போகிறவர்களும், சபாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போகிறவர்களும் நம் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அப்படிப் போகிற குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தையும் இருக்கும்.

டிக்கெட் வாங்கும்போதே இரண்டு கேள்விகள் எழுகின்றன. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதா, அதற்கென்று தனி இருக்கை வாங்குவதா? காரில் குழந்தையை உட்கார வைக்கும் பாதுகாப்பு இருக்கை ஒன்று வேண்டுமா, வேண்டாமா? இவ்விரண்டையும் இன்று சிந்தித்துப் பார்ப்போம்.

“பெற்றவள் கையைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா?” என்று பாட்டிமார் கேட்பார்கள். அன்புக்கு அது சரி. ஆனால் வேகத்துக்கு அன்பு தெரியாது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. அது எதன்மீதாவது மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோவாகக் கனக்கும். 20 கிலோ செம்பனைக் குலைகள் ஏழினை ஒரே நேரத்தில் கையில் தாங்க முடியுமா? தோட்டத்தில் குலை தூக்கிப் பழகிய கைகளாலும் முடியாது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் குழந்தை கையைவிட்டுப் போய்விடும்.

விமானத்தில் மோதல் மிக மிக அரிது. அங்கே நாம் பெரிதும் கவனிக்க வேண்டியது காற்றுக் குலுக்கல். 2024ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மியன்மார் வான்வெளியில் கடுங்குலுக்கலில் சிக்கியது. 4.6 வினாடிக்குள் நடந்த குலுக்கலில் விமானம் 178 அடி இறங்கிவிட்டது. வார் கட்டாமல் இருந்தவர்கள் இருக்கையைவிட்டு மேலே தூக்கப்பட்டு, மறுபடியும் கீழே விழுந்தார்கள். பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். இருக்கை வார், அதாவது நாம் பெல்ட் என்று சொல்வது, எதற்காக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால், மடியில் சும்மா கிடக்கும் குழந்தையின் நிலை என்ன?

இன்னொரு செய்தி. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று வால்பகுதி இயந்திரம் உடைந்து, சூ சிட்டி என்ற ஊரில் தரையில் மோதியது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு குழந்தை இறந்துபோயிற்று. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண், குழந்தைகளுக்கும் தனி இருக்கை வேண்டும் என்று பிறகு பல ஆண்டுகள் போராடினார்.

அப்படியானால் தனி இருக்கையை ஏன் சட்டமாக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்க விமானத்துறை அதிகாரிகள் இதை நெடுநாள் ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டில் கட்டாயமாக்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். தனி டிக்கெட் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போகத் தொடங்கும். சாலையோ விமானத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஆகவே சட்டத்தால் காப்பாற்றப்படும் உயிர்களைவிடச் சாலையில் போகும் உயிர்கள் அதிகமாகிவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆனாலும், முடிந்தவர்கள் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குவதே நல்லது என்றுதான் அவர்களே இன்றும் அறிவுரை சொல்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குழந்தைக்குப் பெரிய ஆபத்து ஆகாயத்தில் இல்லை. தோட்டத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியிலும், அங்கே இறங்கியபின் ஊருக்குப் போகும் வழியிலும்தான் இருக்கிறது. வழியனுப்ப மாமா, சித்தி, பாட்டி என்று ஏழு பேர் ஒரே காரில் ஏறுவோம். முன்னிருக்கையில் தாய், அவள் மடியில் குழந்தை. விமானத்தை நினைத்துப் பயந்துகொண்டே, பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு போவோம்.

நம் நாட்டில் முன்னிருக்கையில் இருப்பவர்கள் வார் கட்ட வேண்டும் என்ற சட்டம் 1979இல் வந்தது. பின்னிருக்கைக்கு 2009இல் வந்தது. சொந்தக் கார்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களுக்கு வந்து நாற்பது ஆண்டு கழித்துத்தான் குழந்தையின் முறை வந்திருக்கிறது.

ஆகவே பண விஷயத்தில் எங்கள் கருத்து இதுதான். கையில் இருக்கும் பணம் ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், விமானத்தில் தனி இருக்கைக்குச் செலவழிப்பதற்கு முன்னால் காருக்கான குழந்தை இருக்கையை வாங்குங்கள். டிக்கெட் ஒரு பயணத்தோடு தீர்ந்துவிடும். அந்த இருக்கையோ மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் பட்டணத்துக்கும் போகும்போதெல்லாம் உதவும்.

அதை வாங்கும்போது சில செய்திகளை நினைவில் வையுங்கள். ஐநா தரத்தைக் குறிக்கும் ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற எண் அச்சிட்ட முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆர் 129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெல்லியது. திடீரென்று கார் நிற்கும்போது முதுகு முழுவதும் அந்த விசையைத் தாங்கிக்கொள்ளும் என்பதே காரணம். பின்பக்கம் பார்த்த இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கலாகாது. பை வெடித்து விரியும்போது அதுவே குழந்தைக்கு எமனாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளை பயன்படுத்திய இருக்கையைக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது விபத்தில் சிக்கியதா, விரிசல் உண்டா, வார்கள் சரியாக இருக்கின்றனவா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரலாறு தெரியாத இருக்கை வேண்டாம்.

“எங்கள் பிள்ளை தூளியில் பழகியது, அதில் உட்காராது” என்று சில தாய்மார் சொல்வதுண்டு. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அந்த இருக்கையை வீட்டில் தரையில் வைத்து, பக்கத்தில் நீங்களும் அமர்ந்து, தினமும் சிறிது நேரம் உட்கார வைத்துப் பழக்குங்கள். நெடுநேரம் அதிலேயே தூங்க விடாதீர்கள். தூரப் பயணத்திலும் இரண்டு மணிக்கு ஒரு முறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களில் இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் பயணம் செய்யலாம். போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்புவதற்குள் ஆகிவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். இதைத் தேதி பார்த்து முன்கூட்டியே கணக்கிடுங்கள். வெளிநாடு போகக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தனி இருக்கை வாங்க வசதியுள்ளவர்கள், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தைக் கேளுங்கள்: எங்கள் கார் இருக்கையை விமானத்தில் பொருத்தலாமா? விமான இருக்கைக்கு ஏற்ற அகலம் எவ்வளவு? பொதுவாக 16 அங்குலத்துக்கு மேல் இல்லாத இருக்கை பொருந்தும் என்பார்கள். அமெரிக்காவில் விற்கும் இருக்கைகளில், காரிலும் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். மற்ற இருக்கைகளை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தைப் பொறுத்தது. விமான இருக்கையின் வாரைக் கொண்டே அதைக் கட்ட வேண்டும். பிறர் எழுந்து போக வழி மறிக்காதபடி சன்னலோரம் வைப்பார்கள். அவசர வழி உள்ள வரிசையில் வைக்க விடமாட்டார்கள். சற்று வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் வெறும் பீட இருக்கை, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் உதவாது.

மடியில் வைத்துப் போகிறவர்கள், ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் குழந்தைக்குரிய சிறு வாரைக் கேளுங்கள். நம் வட்டார நிறுவனங்கள் பலவற்றில் அது கிடைக்கும். தாயின் வாரோடு கோத்து, குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது அது. மோதலில் தாயின் உடல் குழந்தையை அழுத்திவிடும் என்று அமெரிக்காவில் இதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் குலுக்கலின்போது குழந்தை மேலே தூக்கி எறியப்படாமல் அது காக்கும். ஒரே வாரைத் தாயையும் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். விளக்கு அணைந்துவிட்டாலும் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வாரைக் கட்டியே வைத்திருங்கள். சில விமானங்களில் சுவரில் மாட்டும் சிறு தொட்டில் தருவார்கள். வார் கட்டும் விளக்கு எரிந்தால், குழந்தை தூங்கினாலும் எடுத்து மடியில் வைத்துக் கட்டிவிட வேண்டும்.

நடைபாதை ஓரத்தில் குழந்தையின் கையும் காலும் நீட்டியிருந்தால், உணவு வண்டி இடிக்கலாம், சுடுநீர் சிந்தலாம். உள்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். உயிர்வாயு முகமூடி மேலிருந்து விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள். தாய் மயங்கிவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? விமானம் ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும், காதடைப்பால் குழந்தை வீரிட்டு அழும். அப்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காதின் உள்வழி திறந்து வலி குறையும். பிறந்து சில நாளே ஆன குழந்தையையும், சளி பிடித்து மூச்சுத் திணறும் குழந்தையையும் மருத்துவரிடம் காட்டாமல் விமானம் ஏற்றாதீர்கள்.

கார் இருக்கையைச் சாமான்களோடு அனுப்புகிறவர்கள் அதன் பெட்டியிலேயே வைத்து நன்றாகச் சுற்றி அனுப்புங்கள். இறங்கியதும் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாடகைக் கார் பிடிக்கும்போது, பின்னிருக்கையில் வார் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில கார்களில் அது இருக்கை உறைக்குள் ஒளிந்து கிடக்கும். ஓட்டுநர் தம்பியிடம் சொல்லி, வெளியே எடுத்துக் கட்டிவிட்டே புறப்படுங்கள். “பக்கத்தில்தானே அம்மா” என்பார். பக்கத்துக்கும் அதே வேகம்தான்.

நேயர்களே, சுருங்கச் சொன்னால், முதலில் சாலைக்குக் குழந்தை இருக்கை. முடிந்தால் விமானத்திலும் தனி இடம். முடியாவிட்டால் மடியில் சிறு வார். வெறும் மடி என்பது எங்குமே வேண்டாம். ஊர் போய்ச் சேரும் குழந்தை முழு உடம்போடு பாட்டியின் கைக்குப் போக வேண்டும். அதற்கு இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.